நெரிசலில் சம்பாதிக்கும் கார்

ஹைபிரிட் செடானை ஓட்டிப் பார்க்க பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஆனால் ஷோரூம் தரும் பதினைந்து நிமிடத்தில் அது தன் உண்மைக் குணத்தைக் காட்டிவிடுவதில்லை.

பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. எஞ்சின் உறுமுவதில்லை, ஸ்டியரிங் அதிர்வதில்லை. கண்ணெதிரே 'ரெடி' என்று ஒரு விளக்கு மட்டும் எரிகிறது. பல வருடங்கள் பெட்ரோல் கார் ஓட்டிப் பழகிய கை, வண்டி கிளம்பவில்லை என்று நினைத்து மீண்டும் பொத்தானைத் தேடிப் போகும். பக்கத்து இருக்கையில் இருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு இது தினசரிக் காட்சி. பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்வார். கார் ஓசையே இல்லாமல் நகரும். ஹைபிரிட் செடானை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் பலர் அந்த முதல் ஐம்பது அடியிலேயே மயங்கிவிடுகிறார்கள்.

மயக்கத்தில் தப்பில்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. ஹோண்டா நிறுவனம் 2022 மே மாதம் சிட்டி காரின் ஹைபிரிட் வடிவத்தை 19.49 லட்ச ரூபாய்க்கு வெளியிட்டபோது, அதே காரின் உயர்ரக பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைவிட அது 4 லட்ச ரூபாய்க்கும் அதிகமாக இருந்தது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பிள்ளையின் கல்லூரிச் செலவு, அல்லது வீட்டுக் கடனில் ஒரு கணிசமான பகுதி. அந்தப் பணம் பெட்ரோல் மிச்சமாகத் திரும்பி வருமா, வந்தால் எத்தனை வருடத்தில்? விடை விளம்பரத் தாளில் இல்லை. அந்தக் குடும்பம் தினமும் எந்தச் சாலையில் போய் வருகிறது என்பதில் இருக்கிறது.

வீணாவதைப் பிடித்து வைப்பது

ஹைபிரிட் என்பது ஒரே உடலில் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் ஏற்பாடு. யோசனை புதிதல்ல. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே இப்படி ஒரு வண்டியைச் செய்து காட்டினார். ஆனால் பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் டொயோட்டாவின் பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது.

தத்துவம் எளிமையானது. சாதாரண காரில் இரண்டு இடங்களில் பெட்ரோல் வீணாகிறது. சிக்னலில் வண்டி நின்றிருக்க எஞ்சின் சும்மா ஓடுவது ஒன்று. பிரேக் போடும்போது, அதுவரை பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போவது இன்னொன்று. ஹைபிரிட் கார் முதலாவதை நிறுத்திவிடுகிறது. நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். இரண்டாவதைப் பிடித்து வைக்கிறது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. மறுபடி கிளம்பும்போது அந்த மின்சாரமே காரை இழுக்கிறது. வெளியிலிருந்து சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜ் செய்ய வசதி கிடைக்காமல் மின்சாரக் காரைத் தள்ளிப்போடும் பெங்களூர்வாசிகளுக்கு இது ஒரு பெரிய ஆறுதல்.

எஞ்சினும் சாதாரண ரகமல்ல. 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த முறையைத் தழுவியது. குறைந்த எரிபொருளில் அதிக வேலை வாங்கும், ஆனால் நின்ற இடத்திலிருந்து இழுக்க வலு போதாது. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. மின் மோட்டாரின் இழுவிசை, முதல் சுழற்சியிலேயே முழுதாகக் கிடைக்கும்.

சிட்டி ஹைபிரிட்டில் நகர வேகத்தில் பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சினின் வேலை மின்சாரம் தயாரிப்பது. நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைக்கிறது. டொயோட்டாவின் கேம்ரியில், கோள்களைப் போல ஒன்றையொன்று சுற்றும் பற்சக்கரங்கள் எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பங்கு பிரிக்கின்றன. இரண்டிலுமே வழக்கமான கியர்பெட்டி கிடையாது.

இதன் விளைவுதான் வேடிக்கை. மற்ற கார்களுக்கு நெரிசல் எமன். ஹைபிரிட்டுக்கோ நெரிசல்தான் பிழைப்பு. நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கும் சாலையில்தான் அது மிச்சம் பிடிக்கிறது. சீரான வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் பிரேக் போட வாய்ப்பே குறைவு. பிடித்து வைக்கவும் அதிகமில்லை.

பிடதியில் பிறந்தது

நெரிசலுக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. உலக நகரங்களின் போக்குவரத்தை அளவிடும் டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்த ஊரில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆகிறது. மணிக்கு 18 கிலோமீட்டருக்கும் குறைவு. சுறுசுறுப்பாக சைக்கிள் மிதிப்பவர் எட்டிவிடக்கூடிய வேகம்.

தற்செயலாக, இந்தியாவின் ஹைபிரிட் செடான் கதையிலும் பெங்களூருக்கு முக்கிய இடம் இருக்கிறது. ஜப்பானின் டொயோட்டாவும் கிர்லோஸ்கர் குழுமமும் 1997இல் கைகோத்து, மைசூர் சாலையில் தட்டு இட்லிக்குப் பேர்போன பிடதியில் ஆலை அமைத்தன. 1999 டிசம்பரில் அங்கே உற்பத்தி தொடங்கியது. 2013இல் கேம்ரி ஹைபிரிட் இந்த ஆலையில் பூட்டப்பட்டு வெளிவந்தது.

அதற்கு முன் வந்தவை முழுதாக இறக்குமதியான கார்கள். ஹோண்டா 2008 ஜூனில் சிவிக் ஹைபிரிட்டை 21.5 லட்ச ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வாங்க ஆளில்லை. அந்த வருடக் கடைசியில் விலையில் சுமார் 8 லட்சத்தைக் குறைத்ததும் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. இந்தியர்கள் ஹைபிரிட்டை வெறுக்கவில்லை, அதன் விலையைத்தான் வெறுத்தார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 2010இல் வந்த பிரியஸும் இறக்குமதி வரியின் சுமையில் 26 லட்சத்தைத் தாண்டி நின்றது.

உள்ளூரில் பூட்டியும் கேம்ரி மலிவாகிவிடவில்லை. 2013இல் 29.75 லட்ச ரூபாய். 2024 டிசம்பரில் வெளியானபோது புதிய தலைமுறைக் கேம்ரியின் விலை 48 லட்சம். 2.5 லிட்டர் எஞ்சின், 230 குதிரைத்திறன், லிட்டருக்கு 25.49 கிலோமீட்டர் என்ற அதிகாரபூர்வ மைலேஜ். அந்த அளவு காருக்கு இது ஆச்சரியமான எண்தான். ஆனால் 48 லட்ச ரூபாய் கொடுத்து வாங்குபவர் பெட்ரோல் பங்க் ரசீதைப் பார்த்துக் கவலைப்படுபவராக இருப்பது அபூர்வம். மிச்சம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு எட்டும் உயரத்தில் வந்த ஹைபிரிட் செடான் சிட்டிதான். பிடதி ஆலையும் இதைப் புரிந்துகொண்டதுபோல, 2022இல் ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் என்று குடும்பங்கள் வாங்கக்கூடிய ஹைபிரிட்களின் பக்கம் திரும்பியது. இந்தத் தொழில்நுட்பத்துக்காகத் தொடர்ந்து வாதாடி வந்த டொயோட்டா கிர்லோஸ்கர் துணைத் தலைவர் விக்ரம் கிர்லோஸ்கர், ஹைகிராஸ் அறிமுகமான சில நாட்களிலேயே, 2022 நவம்பர் 29 அன்று பெங்களூரில் காலமானார்.

பதினைந்து நிமிட மாயை

வழக்கமான டெஸ்ட் டிரைவ் எப்படி நடக்கும் என்பது கார் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். ஷோரூமிலிருந்து கிளம்பி, பக்கத்தில் காலியான ஒரு சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போய் ஒரு யூ-டர்ன் எடுத்துத் திரும்புவது. பெட்ரோல் காருக்கு இது ஓரளவு போதும். ஹைபிரிட்டுக்குப் போதவே போதாது.

காரணம் பேட்டரி. ஷோரூம் கார் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருந்தால், முதல் சில கிலோமீட்டர் பெரும்பாலும் மோட்டாரிலேயே ஓடிவிடும். திரையில் மைலேஜ் 30, 35 என்று எகிறும். உண்மையில் அது முன்பே எரித்த பெட்ரோலில் சேர்த்த சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. மாறாக, ஏ.சி. போட்டபடி வாசலில் வெகுநேரம் நின்றிருந்த காராக இருந்தால் பேட்டரி வற்றியிருக்கும். கிளம்பியதும் எஞ்சின் விழித்துக்கொண்டு மின்சாரம் தயாரிக்கத் தொடங்கும். மைலேஜ் பரிதாபமாகத் தெரியும். முதல் எண்ணை நம்பி வாங்குவதும் தப்பு, இரண்டாவதைப் பார்த்து ஒதுக்குவதும் தப்பு.

இதற்கு மாற்று எளிது. கிளம்பும்போது திரையில் பேட்டரி அளவைக் குறித்துக்கொண்டு, மைலேஜ் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தது 20 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். முடிக்கும்போது பேட்டரி ஏறக்குறைய அதே அளவில் இருந்தால்தான் திரையில் காணும் மைலேஜுக்கு அர்த்தம் உண்டு. பாதை, அந்தக் குடும்பம் தினமும் போய் வரும் பாதையாக இருக்க வேண்டும். நேரமும் அதே நேரமாக இருந்தால் உத்தமம். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஓட்டுவதற்காக வாங்குவதில் பொருளில்லை.

பெங்களூரின் தெற்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு இயற்கையாகவே ஒரு நல்ல பரீட்சைக் களம் அமைந்திருக்கிறது. மடிவாளா, சில்க் போர்டு பக்கம் மாலை நேரத்தில் ஊர்ந்து பார்க்கலாம். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2010இல் திறக்கப்பட்ட, சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலையில் ஏறிவிட்டால் சீரான வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். காரின் இரண்டு முகமும் ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

ஓட்டும்போது மைலேஜைத் தவிரக் கவனிக்க வேண்டியவையும் சில இருக்கின்றன.

முதலில் ஏ.சி. சிக்னலில் எஞ்சின் அணைந்த பிறகும் குளிர்காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். முழு ஹைபிரிட்களில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் தொடரும். 2015இல் மாருதி சியாஸில் வந்ததுபோன்ற 'மைல்ட் ஹைபிரிட்'களில் எஞ்சின் நின்றால் வெறும் விசிறிக் காற்றுதான். பெயர்கள் குழப்பும், ஆகவே விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும். எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் தனியாகக் காரை ஓட்டுமா? ஓட்டாது என்றால் அது பெயரளவு ஹைபிரிட்.

அடுத்தது பிரேக். மின்சாரம் சேமிக்கும் பிரேக்கும் வழக்கமான பிரேக்கும் கைமாறும் இடத்தில் பெடல் சற்று வித்தியாசமாக உணரப்படும். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் பழகிவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை.

மூன்றாவது சத்தம். மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் இரைவது கேட்கும். வேகம் ஏறுவதும் சத்தம் ஏறுவதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கோளாறு இல்லை, கியர் இல்லாததன் இயல்பு. ஆனால் முதல் ஐம்பது அடியின் மௌனத்தில் மயங்கியவர்களுக்கு இது ஒரு ஏமாற்றம்.

கடைசியாக டிக்கி. இதை ஓட்டிப் பார்க்காமல் திறந்து பார்க்க வேண்டும். சிட்டி பெட்ரோலில் 506 லிட்டர் இடம். ஹைபிரிட்டில் பேட்டரி குடியேறியதால் 306 லிட்டர். தீபாவளிக்குத் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ நாலு பேர் பெட்டி படுக்கையோடு புறப்படும் குடும்பம், அந்தப் பெட்டிகளையே ஷோரூமுக்கு எடுத்துச் சென்று வைத்துப் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல.

மூன்று குடும்பங்களின் கணக்கு

இனி பணம். விலை வித்தியாசத்தை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்ச ரூபாய் வரையிலான கார்களுக்குரிய 17 சதவீத ஆயுட்கால சாலை வரியை அந்த 4 லட்சத்தின்மீது போட்டால் இன்னொரு 68,000 ரூபாய். ஆக 4.68 லட்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஓட்டம் வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்றும் கொள்வோம்.

முதல் குடும்பம் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை எண்களை அப்படியே நம்புகிறது. 2022 நிலவரப்படி சிட்டி பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 18.4 கிலோமீட்டர், ஹைபிரிட் 26.5. வருடத்துக்கு சுமார் 249 லிட்டர் மிச்சம், 24,900 ரூபாய். போட்ட பணம் திரும்ப 18 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கார் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது குடும்பம் பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி என்று நெடுஞ்சாலையில் போகிறது. பெட்ரோல் கார் 16ம் ஹைபிரிட் 20ம் தந்தால் மிச்சம் வருடத்துக்கு 18,750 ரூபாய். 25 வருடம் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது குடும்பம் தினமும் வெளிவட்டச் சாலையில் சிக்கித் தவிக்கிறது. அங்கே ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிட, ஹைபிரிட் 19இல் நின்றால் மிச்சம் 711 லிட்டர், அதாவது சுமார் 71,000 ரூபாய். ஆறரை வருடத்தில் பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம்.

கார் ஒன்றுதான், விலை ஒன்றுதான். சாலை மாறியதும் நல்ல பேரம் நஷ்டமாகிறது, நஷ்டம் நல்ல பேரமாகிறது. அந்த 10ஐயும் 19ஐயும் வேறு யாரோ சொல்லக் கேட்டு நம்பக் கூடாது. சொந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டிய எண்கள் அவைதான்.

பேட்டரி பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. ஹோண்டாவும் டொயோட்டாவும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி அறிவித்திருக்கின்றன. கார் வாங்கி ஆறேழு வருடத்தில் விற்பவர்களுக்கு இது போதும். பத்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள குடும்பங்கள், வாரண்டிக்குப் பிந்தைய பேட்டரி விலையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கணக்கில் சேர்ப்பது நல்லது.

தில்லியின் பார்வையில்

வாங்குபவரின் கணக்கு இப்படிச் சாலையைப் பொறுத்து மாறுகிறது என்றால், அரசின் கணக்கு வருடத்தைப் பொறுத்து மாறியிருக்கிறது. 2015இல் மத்திய அரசு தொடங்கிய ஃபேம் திட்டம் ஹைபிரிட்களுக்கும் மானியம் தந்தது. சியாஸ் போன்ற மைல்ட் ஹைபிரிட்டுக்கு 13,000 ரூபாய், கேம்ரிக்கு 70,000 ரூபாய். 2017 ஏப்ரலில் மைல்ட் ஹைபிரிட் மானியம் நின்றது. அதே ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை சுமார் 30 சதவீதமாக இருந்த ஹைபிரிட் கார்களின் வரி 43 சதவீதமாகத் தாவியது. அன்றைய தேதியில் ஆடம்பரக் கார்களுக்கும் அதே 43 சதவீதம்தான். மின்சாரக் கார்களுக்கு 12 சதவீதம். 2019 ஆகஸ்டில் அதுவும் 5 ஆகக் குறைந்தது.

2025 செப்டம்பர் 22இல் அமலான புதிய விகிதங்களிலும் ஹைபிரிட் செடானுக்குத் தனிச் சலுகை இல்லை. அதற்கு முன் சிட்டி பெட்ரோலுக்கு 45, ஹைபிரிட்டுக்கு 43 என்று 2 சதவீதமாவது இடைவெளி இருந்தது. புதிய விகிதத்தில் இரண்டுக்கும் 40. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஹைபிரிட் வரியைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியது பலிக்கவில்லை. மாநிலங்களில் உத்தரப் பிரதேசம் மட்டும் 2024 ஜூலையில் முழு ஹைபிரிட்களுக்குப் பதிவு வரி விலக்கு அளித்துக் கவனத்தை ஈர்த்தது.

தில்லியின் வாதத்திலும் நியாயமில்லாமல் இல்லை. ஹைபிரிட் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அதன் வயிற்றில் போவது பெட்ரோல்தான். புகையை முற்றிலும் ஒழிப்பது மின்சாரக் கார். இதே பெங்களூரில் 2001இலேயே சேத்தன் மைனியின் ரேவா அந்தப் பாதையைக் காட்டியது. ஆனால் சார்ஜ் செய்ய வழியில்லாத வீட்டில் குடியிருப்பவர் மின்சாரக் காருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் சாதாரண பெட்ரோல் காரைத்தான் ஓட்டுகிறார். அவர் நெரிசலில் பாதி பெட்ரோலோடு போய் வர முடியும் என்றால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. வரி விகிதத்தில் அந்த மதிப்பு இன்னும் தென்படவில்லை.

அதுவரை முடிவு குடும்பத்தின் கையில். நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர் பெட்ரோல் காரை வாங்கிவிட்டு மீதி 4 லட்சத்தை வங்கியில் போடலாம். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவர் மின்சாரக் காரையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தினம் ஒன்றரை மணி நேரம் முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்தே காலம் தள்ளுகிறவருக்கு ஹைபிரிட் பொருந்தும். ஷோரூமில் அவர் கேட்க வேண்டிய முதல் சலுகை விலையில் தள்ளுபடி அல்ல. மாலை 6 மணிக்கு, அலுவலகத்திலிருந்து வீடு வரை, காரை ஒரு மணி நேரம் தரச் சொல்வது.